விரதம் முடிக்கும் அல்வா

இலை போட்டாகிவிட்டது, தண்ணீர் தெளித்துத் துடைத்தாகிவிட்டது, இனி எழுந்திருக்க முடியாது. உட்காருவதற்கு முன்பே நாற்காலி கேட்டிருக்க வேண்டும், முட்டிவலி என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள், ஆனால் மாப்பிள்ளையின் அம்மா மட்டும் உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் நன்றாகவா இருக்கும், அதனால் எல்லாரோடும் சேர்ந்து பந்திப்பாயில் சம்மணம் போட்டுவிட்டேன். பட்டுப்புடவை விறைத்துக்கொண்டு நிற்கிறது, உள்பாவாடை நாடா இடுப்பை அறுக்கிறது, மதுரையிலிருந்து காரில் வந்த வேர்வை இன்னும் காயவில்லை, அங்கே அரிப்பு ஆரம்பித்துவிட்டது. லேசாகத்தான், ஒரு எறும்பு ஊர்கிற அளவுக்கு, ஆனால் எனக்குத் தெரியும் இது எங்கே போய் நிற்கும் என்று. அசையக் கூடாது. அசைந்தால் பக்கத்தில் இருக்கிற தெய்வானை அக்கா, என் வீட்டுக்காரரின் அக்கா, என்ன பரிமளம் என்ன செய்யுது என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பாள், அவளுக்கு ரகசியமாகப் பேசத் தெரியாது, பிறவியிலேயே மைக் முழுங்கியவள். எதிர் வரிசையில் அவர், அவருக்குப் பக்கத்தில் என் மகன் செழியன், அவனுக்குப் பக்கத்தில் பெண்ணின் அப்பா தங்கவேல். பெண் சுபாஷிணி அடுக்களை வாசலில் நின்று யாருக்கும் தெரியாமல் செழியனைப் பார்க்கிறதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், எல்லாருக்கும் தெரிகிறது. இந்த வீட்டுக்கு இதற்கு முன்பு வந்தபோதெல்லாம் தண்ணீரைத் தவிர எதையும் தொட்டதில்லை, பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இன்றைக்குப் பேச்சு முடிந்தது, வைகாசியில் தேதி குறித்தாகிவிட்டது, இனி கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. அதுவும் முதலில் நான் நனைக்க வேண்டுமாம். இலையில் பொரியல், கூட்டு, அப்பளம் எல்லாம் வந்துவிட்டன, ஆனால் யாரும் தொடக் கூடாது என்று பெண்ணின் அம்மா ஜோதிமணி சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறாள், அல்வாவைச் சூடு பண்ணிக் கொண்டுவர. நெய் வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது. முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

இந்த வயிறு இப்படியா இருந்தது. கல்லைத் தின்றாலும் கரைக்கும் என்று என் அம்மாவே சொல்வாள். எல்லாம் போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் வந்த நீர்க்கடுப்பில் ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாகப் போகும், போகிறபோது உயிர் போகும். டாக்டரிடம் போனால் என்ன, எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்பார்கள், அதையெல்லாம் யார் சொல்லிக்கொண்டிருப்பது, நம் வீட்டு மாடி போர்ஷனில் மெடிக்கல் கடைக்காரர் பாண்டி குடியிருக்கும்போது எதற்கு ஆஸ்பத்திரி. படியிலேயே நிறுத்தி, கடுப்பா இருக்குப்பா என்று மட்டும் சொன்னேன், சாயங்காலம் ஒரு அட்டை மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார், போட்ட மறுநாளே நின்றுவிட்டது. நின்றதும் மீதியை எடுத்து வைத்துவிட்டேன், அடுத்த தடவைக்கு ஆகும் என்று. அடுத்த தடவையும் வந்தது. அப்புறம் தொண்டை கட்டினால் அது, காய்ச்சல் மாதிரி இருந்தால் அது, பல் வீங்கினால் அது, தீரத்தீர பாண்டி, போன தடவை குடுத்ததே தரவாக்கா என்பார், நானும் தலையை ஆட்டுவேன், வீட்டுக்காரம்மாவுக்குச் செய்கிற மரியாதை என்று அவருக்கு நினைப்பு, வாடகைக்காரர் செய்கிற உதவி என்று எனக்கு நினைப்பு. தெருவில் யாருக்குத் தும்மல் வந்தாலும் நானே அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறேன், டாக்டர் பரிமளம் என்று என் வீட்டுக்காரர்கூடக் கேலி செய்வார். அந்த மருத்துவத்தைத்தான் இப்போது உட்கார்ந்து அனுபவிக்கிறேன். முதலில் வயிறு ஊதிற்று, எதைத் தின்றாலும் உள்ளே மாவு பொங்குவதுபோல ஒரு கடமுடா. அப்புறம் நாக்கில் வெள்ளை, எவ்வளவு வழித்தாலும் போகாத வெள்ளை. அப்புறம் கீழே. தயிர் திரிந்ததுபோல வெள்ளைப்படுதல், அரிப்பு, உட்கார முடியாது, நிற்க முடியாது, கோயிலுக்குப் போகக் கூச்சம், பஸ்ஸில் ஏறக் கூச்சம். அந்த இடத்துக்கு எங்கள் வீட்டில் பெயரே கிடையாது. என் அம்மா கீழே என்பாள், நானும் கீழே என்பேன். பெயரே இல்லாத இடத்தில் வந்த வியாதியை யாரிடம் என்னவென்று சொல்வது.

கடைசியில் தாங்க முடியாமல்தான் ஷமீமா டாக்டரிடம் போனேன், அதுவும் சித்தி பெண்ணைப் பார்க்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு. அந்த அம்மா கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், காய்கறிக்கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டார், நான்தான் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னேன். பார்த்துவிட்டு, பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்து, சர்க்கரை வியாதி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இது ஈஸ்ட் என்றார். ஈஸ்ட் என்றால் பன் மாவில் போடுவார்களே அதுவா என்று கேட்டேன், அதன் சொந்தக்காரன் என்று சிரித்தார். அப்புறம் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். "உங்க வயித்துல நல்ல கிருமிங்க கோடிக்கணக்குல குடியிருக்கும்மா. நீங்களா வாங்கிப் போட்ட மாத்திரை, கெட்டதோட சேத்து அதுகளையும் காலி பண்ணிடுச்சு. காலியான இடத்துல இது வந்து பரவிடுச்சு. இது எல்லார் உடம்புலயும் இருக்கிறதுதான், ஒரேயடியா விரட்ட முடியாது. அளவா வச்சுக்கலாம்." எனக்கா புரியாது. செல்லூரில் மூன்று போர்ஷன் வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுகிறவள் நான். கீழ் போர்ஷனில் வாத்தியார் குடும்பம் இருந்தவரை வாசல் பளிச்சென்று இருந்தது, அவர்கள் காலி செய்துவிட்டுப் போன பிறகு பூட்டியே கிடந்த திண்ணையோரத்தில் சீட்டாடுகிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், விரட்ட விரட்ட வந்தார்கள், மறுபடி ஒரு நல்ல குடும்பத்தைக் குடிவைத்த பிறகுதான் தானாகப் போனார்கள். அதேதான். மாத்திரை எழுதிக்கொடுத்தார், முதலில் ஒன்று, அப்புறம் வாரத்துக்கு ஒன்றாகப் பல மாதம் போட வேண்டும், அரிப்பு நின்றாலும் நிறுத்தக் கூடாது, இனி பாண்டி கொடுக்கிற மாத்திரை பக்கமே போகக் கூடாது, சாப்பாட்டில் மோர், கீரை, காய், எப்போதும் சாப்பிடுகிற சோறு, இட்லி எல்லாம் சாப்பிடலாம், கிலோக்கணக்கில் இனிப்புத் தின்னாமல் இருந்தால் போதும் என்றார். நான் என்ன செய்தேன். அந்த வாரம் ஆஸ்பத்திரி வாசலிலேயே வாங்கிய மாத்திரை தீர்ந்ததும், அரிப்பும் நின்றதும், விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு மறுபடி போக இன்னொரு சாக்குக்கு எங்கே போவது, இங்கே வாங்க வேண்டுமென்றால் சீட்டை எடுத்துக்கொண்டு பாண்டி கடைக்குத்தான் போக வேண்டும், அவருக்குத் தெரியும் அது எதற்கான மாத்திரை என்று, அப்புறம் தினமும் படியில் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு கடையா இல்லை ஊரில் என்றால் இருக்கிறது, ஆனால் எந்தக் கடையிலும் ஒரு ஆம்பிளை நிற்கிறான்.

மருந்தை விட்ட இடத்தில்தான் போன் வீடியோவில் ஒரு தாடிக்காரர் வந்தார். ஒரு தடவை ஈஸ்ட் என்று தேடினேன், அதிலிருந்து போனைத் திறந்தாலே அவர்தான், பின்னால் ஒரு பச்சைச் செடி, கண்ணை உருட்டிக்கொண்டு, நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு கரண்டி சர்க்கரையும் உங்கள் எதிரிக்கு வைக்கிற விருந்து என்பார். அன்றைக்கு ராத்திரியே சர்க்கரையை நிறுத்தினேன். அப்புறம் வெல்லம். அப்புறம் வாழைப்பழம், மாம்பழம். அப்புறம் கோதுமை, மைதா. அப்புறம் புளித்ததெல்லாம் அந்த எதிரிக்குச் சொந்தக்காரன் என்று சொன்னார், இட்லி, தோசை, தயிர், மோர் எல்லாம் போயிற்று. டாக்டர் மோர் சாப்பிடு என்றாரே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், ஆனால் டாக்டர் என்னோடு பேசியது பத்து நிமிஷம், தாடிக்காரர் தினமும் பேசுகிறார். அவித்த சுரைக்காய், கீரை, முட்டை, இதுதான் சாப்பாடு. சாப்பிடுகிறபோதெல்லாம் உள்ளே ஒரு கூட்டம் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறதுபோலவே இருக்கும், ஏமாந்து போ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே விழுங்குவேன். ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப்போய்ப் பிடித்துத் தைத்தேன். கண்ணாடியில் கழுத்தெலும்பு தெரிந்தது. படியேறினால் மூச்சு வாங்கிற்று, தலைமுடி சீப்போடு வந்தது, இவ்வளவு செய்தும் அது போனபாடில்லை, வரும், போகும், வரும். போகாவிட்டால் நான் ஏதோ தப்பாகத் தின்றிருக்கிறேன் என்று தோன்றும், நேற்றுத் தின்ற காரட் இனிப்பாக இருந்ததே அதுவா, தலைவலி மாத்திரையின் மேல்பூச்சில் சர்க்கரை இருந்திருக்குமோ, பூஜையில் கற்கண்டு நாக்கில் பட்டதே அதுவா. ஒரு நாள் திருநீறு பூசிக்கொண்டு விரலை நக்கிவிட்டு, இதில் ஏதாவது இருக்குமோ என்று பயந்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இப்போது அதே கூட்டம் நெய் வாசனைக்கு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அரிப்பு கூடியிருக்கிறது, அல்லது கூடியிருப்பதாக நினைக்கிறேன், எது என்று இப்போதெல்லாம் எனக்கே தெரிவதில்லை. வலது காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொள்கிறேன். தெய்வானை அக்கா திரும்பிப் பார்க்கிறாள். சிரித்து வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலம் இந்த அக்காதான். அவள் பேத்திக்குக் காதுகுத்து, பந்தியில் எல்லாருக்கும் நடுவில் லட்டை என் வாய்க்கு நேரே நீட்டிவிட்டு, ஏண்டி வேண்டாங்கிற, ஆளும் இளைச்சுப் போயிருக்க, உடம்புக்கு என்ன, எதையும் மறைக்கிறியா என்று மைக்கைப் போட்டுவிட்டாள். பந்தியே திரும்பிப் பார்த்தது. யார் வீட்டிலாவது ஒருத்தி இளைத்தால் ஊர் எந்த வியாதியை நினைக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த வியாதியின் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள், வாயை மட்டும் சப்புக்கொட்டுவார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பையனின் அம்மாவுக்கு அந்தப் பெயர் வந்தால் அவ்வளவுதான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். செழியனுக்கு நல்ல இடம் அமைகிறவரைக்கும் இனிப்பு தொடுவதில்லை என்று பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் கண் கலங்கிவிட்டது. நீட்டிய லட்டைத் தன் இலையிலேயே வைத்துக்கொண்டு, இப்படி ஒரு அம்மாவா என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டாள். அன்றைக்கு ஒரு பந்திக்குத் தப்பித்தால் போதும் என்று சொன்னது, ஊரெல்லாம் போய்விட்டது. வெறும் பொய் என்றால்கூடப் பரவாயில்லை, முருகனை வேறு இழுத்து வைத்துவிட்டேன். அவள்தான் திண்டுக்கல்லில் இந்த இடத்தைக் கொண்டுவந்தாள், கொண்டுவந்தவள் என் விரதக் கதையையும் சேர்த்துக் கொண்டுவந்து இவர்களிடம் சொல்லியிருக்கிறாள், பழனி இவர்களுக்குப் பக்கத்து ஊர் வேறு. எங்க முருகன்ட்ட வேண்டி எங்க வீட்டுக்கே வந்திருக்காங்க என்று ஜோதிமணி முதல் தடவை பார்த்தபோதே என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜாதகத்தில் ஏதோ ஒன்று சரியில்லை என்று தங்கவேல் இழுத்தாராம், மகனுக்காக வாயைக் கட்டின மாமியார் கெடைக்கிறதுக்கு என் மக குடுத்து வச்சிருக்கணும் என்று ஜோதிமணிதான் பேசி முடித்தாளாம். செழியனுக்குப் பார்த்த இடமெல்லாம் ஏதாவது ஒன்றில் தட்டிப்போய், இனி பார்க்காதீங்க விடுங்கம்மா என்று அவனே சொல்லிவிட்டிருந்தான். இப்போதெல்லாம் மொட்டைமாடியில் போன் பேசிக்கொண்டு சிரிக்கிறான். அவன் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. இந்தப் பெண் வர வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஆனால் விரதம் என்று சொன்னால் அது முடிகிற நாள் என்று ஒன்று இருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. இடம் அமைந்துவிட்டது. அமைந்த வீட்டிலேயே விரதத்தை முடித்துவைக்க வேண்டும் என்று இவர்கள் ஆசைப்படுகிறார்கள். இன்றைக்கு இந்த இலையில் நான் இனிப்பைத் தொடாவிட்டால் என்ன அர்த்தம், இந்த இடம் என் மனசுக்கு அமையவில்லை என்று அர்த்தம்.

எதிர் வரிசையில் அவர் அப்பளத்தை உடைக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் கதிரேசன், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இனிப்பு என்றால் கம்பத்திலிருந்து இறங்கி வருகிற ஆள். காபியில் சர்க்கரை கரையாமல் அடியில் நிற்க வேண்டும், அதை விரலால் வழித்து நக்க வேண்டும். கல்யாணமான புதிதில் டவுன்ஹால் ரோட்டிலிருந்து சூடாக அல்வா வாங்கி, பையில் நெய் ஒழுக ஒழுகக் கொண்டுவருவார், ஆளுக்குப் பாதி என்று சொல்லிவிட்டு என் பாதியிலும் கை வைப்பார். அந்த மனுஷன் இப்போதெல்லாம் உம்மென்று இருக்கிறார். ஒரு நாள் காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார், சரி வயசாகிறது என்று நினைத்தேன். தீபாவளிக்குச் செழியன் வாங்கிவந்த ஸ்வீட் பெட்டியைப் பிரிக்காமலே பாண்டி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார், கோபம் என்று நினைத்தேன். கோபப்படத்தான் வேண்டும். முட்டிவலி, கட்டிலில் ஏற முடியவில்லை என்று சொல்லிக் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கிவிட்டேன் நான். கிட்டே வந்தால் நாற்றம் தெரியுமோ, தொட்டால் அவருக்கும் ஒட்டிக்கொள்ளுமோ, கேட்டால் என்னவென்று சொல்வது, இதெல்லாம் இருக்க முட்டியின் மேல் பழியைப் போட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கூடத்து விளக்கை அணைக்க வந்தவர், எம்மேல எதுவும் வருத்தமா பரிமளம் என்று கேட்டார். இல்லையே என்றேன். நின்றார், வேறு ஏதாவது சொல்வேனோ என்று பார்த்தார், போர்வையை இழுத்து என் காலை மூடிவிட்டுப் போனார். அன்றைக்குத் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன், சொல்லிவிடலாம் என்று எழுந்து உட்கார்ந்தேன், என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் மறுபடி படுத்துவிட்டேன். நான் சொல்லாததால் அவரும் எதையோ சொல்லாமல் இருக்கிறார் என்று தோன்றுகிறது. ஒருவேளை அவருக்கே சர்க்கரை வியாதி வந்து மறைக்கிறாரோ. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி, ஆளுக்கொரு வியாதியை ஒளித்துவைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிறோம், என்ன பிழைப்போ. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். கண்ணை எடுத்துக்கொள்கிறேன்.

ஜோதிமணி வந்துவிட்டாள். பித்தளைச் சட்டி, மேலே முந்திரி, ஓரத்தில் நெய் பிரிந்து நிற்கிறது. என் இலைக்கு முன்னால் வந்து முட்டிபோட்டு உட்காருகிறாள். வேறு யாரையும் வைக்கச் சொல்லாமல் அவளே கரண்டியை எடுக்கிறாள், எடுக்கிற கையைப் பார்க்கிறேன், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சின்னச்சின்னக் கொப்புளம், அல்வா கொதித்துத் தெறித்த கொப்புளம், ஒன்றிரண்டு உடைந்து சிவந்திருக்கிறது. கோதுமை அல்வா. கடையில் வாங்கக் கூடாது என்று கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, ராத்திரி முழுக்கப் புளிக்கவைத்து, காலையில் எழுந்து ஒத்தை ஆளாகக் கிளறினாளாம், யாரையும் கரண்டியைத் தொடவிடவில்லையாம், தங்கவேல் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோதுமை. புளிக்கவைத்தது. சர்க்கரை. தாடிக்காரர் விலக்கச் சொன்னதையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிக் கொண்டுவந்திருக்கிறாள் இந்த மகராசி, சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. ஒரு கரண்டி வைக்கிறாள், இலை ஓரத்தில் பளபளவென்று உட்கார்ந்து லேசாக ஆடுகிறது. "உங்க வெரதத்த என் கையால முடிச்சு வைக்கணும்னு ஆசைங்க. நீங்க வாயில வச்சப்புறந்தான் மத்தவங்களுக்கு." எல்லாரும் பார்க்கிறார்கள். சுபாஷிணி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள், அவள் முகத்தில் சிரிப்பு போய் ஒரு பயம் வந்திருக்கிறது, பிடிக்கலையோ என்கிற பயம், நான் என் மாமியார் முன்னால் நின்ற அதே பயம். கையை அல்வாவின் மேல் வைக்கிறேன். சூடு விரலில் ஏறுகிறது. எடுக்க வரவில்லை. எடு பரிமளம், சின்னதாகக் கிள்ளி நாக்கில் வை, ஒரு வாய்க்கு ஒன்றும் ஆகாது, ஷமீமா டாக்டரே சொன்னார். ஆகும், ஒவ்வொரு கரண்டியும் எதிரிக்கு விருந்து. ஒன்றும் ஆகாது. இத்தனை மாதம் பட்டினி கிடந்ததெல்லாம் வீணாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. விரல் அப்படியே நிற்கிறது. ஜோதிமணியின் முகம் மெல்லச் சுருங்குகிறது, கொப்புளம் வந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள். தங்கவேல் சங்கடத்தை மாற்றுவதற்காக என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, அண்ணே நீங்களாவது ஆரம்பிங்க, இவ மொறையெல்லாம் பேசிக்கிட்டு உங்களையும் காக்கப் போட்டுட்டா என்கிறார். சுபாஷிணியின் சித்தி ஒருத்தி வந்து அவர் இலையில் அல்வாவை வைத்தேவிடுகிறாள். அவர் தொடவில்லை. தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "இல்லைங்க, அவ மொதல்ல சாப்பிடட்டும். அவ இனிப்ப விட்ட அன்னைக்கே நானும் விட்டுட்டேன். புள்ள ரெண்டு பேருக்குந்தானே, வேண்டுதல் மட்டும் அவ ஒருத்தியோடதா." தெய்வானை அக்கா வாயில் கை வைத்துக்கொள்கிறாள். எங்கிட்டகூடச் சொல்லலியேடா தம்பி என்கிறாள், முதல் தடவையாக அவள் குரல் தாழ்ந்து வருகிறது. சொன்னா சாமிக்குச் செஞ்சது ஊருக்குச் செஞ்சதா ஆயிரும்க்கா என்கிறார் அவர், என்னைப் பார்க்காமல், இலையைப் பார்த்துக்கொண்டு.

காபி. தீபாவளிப் பெட்டி. உம்மென்ற முகம். கோபம் இல்லை. நான் பந்தியில் தப்பிக்கச் சொன்ன ஒரு பொய்யை இந்த மனுஷன் மெய்யென்று எடுத்துக்கொண்டு, காதுகுத்து வீட்டிலிருந்து அன்றைக்கே என்னோடு கூடச் சேர்ந்து நடந்திருக்கிறார், நான் தனியாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த வழியெல்லாம். நான் பயத்தில் வாயைக் கட்டினேன், அவர் நம்பி வாயைக் கட்டியிருக்கிறார். அப்படியானால் வேண்டுதல் பொய் இல்லை, முருகா, எங்கள் வீட்டில் ஒரு ஆள் நிஜமாகவே இருந்திருக்கிறார். அல்வாவைக் கிள்ளி எடுக்கிறேன், கொஞ்சமில்லை, ஒரு வாய் நிறைய. நாக்கில் வைத்ததும் நெய்யும் ஏலக்காயும் இளஞ்சூடும் உருகி, மறந்தே போயிருந்த ஒரு பெரிய இனிப்பு வாய் முழுக்கப் பரவுகிறது, கண்ணில் நீர் வந்துவிட்டது, எல்லாரும் பக்தி என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும். உள்ளே இருக்கிற கூட்டமும் சாப்பிடட்டும், இன்றைக்கு என் பிள்ளைக்குப் பேச்சு முடிந்த நாள், நல்லதும் கெட்டதுமாக எல்லாமும் இந்த வீட்டில்தானே குடியிருக்கிறீர்கள், ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அடங்கி இருங்கள். நாளைக்கு மோர் வரும். மாத்திரையும் வரும், வாரம் தவறாமல் வரும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவரை உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும், விரதத்தைப் பற்றி இல்லை, அதைச் சொல்லி அந்த முகத்தை நான் ஏன் வாட வைக்க வேண்டும், அது அவருடையது, அவரிடமே இருக்கட்டும். வியாதியைச் சொல்ல வேண்டும். இன்ன இடத்தில், இன்னது, இத்தனை மாதமாக, முட்டிவலி இல்லை, உங்கள் மேல் வருத்தமில்லை, எனக்குக் கூச்சம் என்று. சொல்லிவிட்டு டாக்டர் சீட்டைக் கையில் கொடுத்து, பாண்டி கடைக்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வாங்க என்று அவரையே அனுப்ப வேண்டும். போவார். பாண்டி என்ன நினைத்தாலும் நிமிர்ந்து நின்று வாங்கி வருவார். எதிரே அவர் தன் இலையில் இருந்த அல்வாவை வழித்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார், மீசை ஓரத்தில் நெய் மின்னுகிறது, விரலை ஒவ்வொன்றாக நக்குகிறார், சம்பந்தி வீடு என்கிற நினைப்பே இல்லை. செழியன் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறான். ஜோதிமணி இன்னும் எழுந்திருக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நன்றாயிருக்கிறதா என்று கேட்கக்கூட வாய் வராமல். முந்தானைக்குள்ளிருந்து அவள் கையை எடுத்து, கொப்புளம் படாத இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறேன். அரிக்கத்தான் செய்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

"மதினி, அவருக்கு இன்னொரு கரண்டி வைங்க" என்கிறேன்.